மாயாஜாலப் பட மன்னர் விட்டலாச்சாரியா

அடுப்பு எரிகிறது. உலை கொதிக்கிறது. ஆனால் அடுப்பில் விறகைக் காணோம்! விறகு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெண்ணின் இரண்டு கால்கள் எரிகின்றன. அவளோ வலியே தெரியாதவள்போல உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவள் பெண் அல்ல. மோகினிப் பிசாசு!

“ஜகன்மோகினி” என்ற படத்தில் வரும் காட்சி இது. 1978-ம் ஆண்டு தெலுங்கில் வெளிவந்த படம். பிறகு தமிழில் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். தமிழ்நாட்டுக் கொட்டகைகளில் கூட்டம் அலைமோதியது. பெரியவர்கள் சிரித்தார்கள். குழந்தைகள் தாயின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு, ஒரு கண்ணால் மட்டும் பார்த்தார்கள்.

அந்தப் படத்தில் குறைகள் இல்லையா? நிறைய உண்டு. பிசாசின் முகத்தில் பூசிய மாவு தெரியும். அரண்மனைச் சுவர் அட்டையால் ஆனது என்பது தெரியும். உற்றுப் பார்த்தால், எந்த இடத்தில் காமிராவை நிறுத்தினார்கள் என்றுகூடச் சொல்லிவிடலாம்.

இவ்வளவு தெரிந்தும் ஜனங்கள் எழுந்து போகவில்லை. மறுநாளும் வந்தார்கள்.

இப்படி, குறைந்த பணத்தில் படம் எடுத்து, நிறைந்த கொட்டகையைக் கண்டவர் பி. விட்டலாச்சாரியா. பேய், பூதம், மந்திரவாதி, பறக்கும் குதிரை என்றாலே அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். தெலுங்கு நாட்டில் அவரை “ஜானபத பிரம்மா” என்று அழைத்தார்கள். நாட்டுக் கதைகளைப் படைத்த பிரம்மா என்று பொருள்.

அந்தப் பிரம்மா படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்!

வீட்டை விட்டுப் போன சிறுவன்

விட்டலாச்சாரியா 1920-ம் ஆண்டு ஜனவரி மாதம் பிறந்தார். ஊர், உடுப்பிக்குப் பக்கத்தில் உள்ள உத்யாவரம். இப்போது அது கர்நாடகத்தில் இருக்கிறது. அப்போது தென் கன்னடம் ஜில்லா சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. ஆகவே அவர் பிறக்கும்போதே சென்னை மாகாணத்துப் பிள்ளைதான்.

தகப்பனார் ஆயுர்வேத வைத்தியர். ஏழைகளிடம் காசு வாங்காமல் மருந்து கொடுப்பவர். நல்ல பெயர் இருந்தது. ஆனால் வீட்டில் குழந்தைகள் பலர். விட்டலாச்சாரியா ஏழாவது குழந்தை. தர்ம வைத்தியம் செய்யும் வீட்டில் பணம் எப்படித் தங்கும்?

ஒன்பது வயதில் சிறுவன் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டான். கையில் பணம் கிடையாது. படிப்பும் கிடையாது. மைசூர் சமஸ்தானத்தில் இருந்த அரசிக்கரை என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தான். அது ரெயில் சந்திப்பு உள்ள ஊர். வருவோர் போவோர் அதிகம். கிடைத்த வேலைகளை எல்லாம் செய்தான். எச்சில் இலை எடுப்பதும் வேலைதான், தண்ணீர் இறைப்பதும் வேலைதான் என்று இருந்தால்தான் அப்படிப்பட்ட ஊரில் ஒரு சிறுவன் பிழைக்க முடியும்.

உடுப்பிக்காரர்களுக்கு ஓட்டல் தொழில் கைவந்த கலை. வாலிபரானதும் விட்டலாச்சாரியாவும் உறவினர் ஒருவரிடமிருந்து ஓட்டலை வாங்கிச் சொந்தமாக நடத்தத் தொடங்கினார். இட்லிக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து, எத்தனை பேர் சாப்பிடுவார்கள், எவ்வளவு மீதியாகும் என்று கணக்குப் பார்ப்பதுதான் ஓட்டல்காரரின் கல்வி. அந்தக் கணக்குப் பிறகு சினிமாவிலும் அவரைக் காப்பாற்றியது.

சிறைவாசம்

1942-ம் ஆண்டு வந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டத்தை மகாத்மா காந்தி தொடங்கினார். நாடெங்கும் தீப்போலப் பரவியது. அரசிக்கரை ஓட்டல் முதலாளியும் நண்பர்களுடன் அதில் இறங்கினார். போலீசார் பிடித்து, ஹாசன் சிறையில் அடைத்தார்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்தவர் திரும்பவும் கல்லாப் பெட்டி முன் உட்காரவில்லை. ஓட்டலைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அவர் மனம் வேறு ஒன்றில் விழுந்துவிட்டது.

அதுதான் சினிமா!

ஹாசனைச் சேர்ந்த டி. சங்கர் சிங் முதலிய நண்பர்களுடன் கூட்டுச் சேர்ந்து ஒரு டூரிங் டாக்கீஸ் தொடங்கினார். பணம் போட்டவர்கள் பல பேர். ஆனால் கூடாரத்தோடு கூடவே இருந்து வேலை பார்த்த கூட்டாளி விட்டலாச்சாரியாதான்.

கூடாரத்துப் பள்ளிக்கூடம்

டூரிங் டாக்கீஸ் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊருக்கு வெளியே ஒரு திடல். அதில் பெரிய கூடாரம். ஒரு முனையில் வெள்ளைத் திரை. மறு முனையில் படம் காட்டும் எந்திரம். நடுவில் மணல். தரை டிக்கெட் வாங்கியவர்கள் மணலைக் குவித்து மேடாக்கி, அதன்மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். பின்னால் பெஞ்சு. அதற்கும் பின்னால் நாற்காலி.

பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் வருமே! ஆகவே இருட்டிய பிறகுதான் முதல் ஆட்டம். ஒலிபெருக்கியில் சாமி பாட்டு போட்டால், ஆட்டம் தொடங்கப்போகிறது என்று அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கு அர்த்தம். சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு ஜனங்கள் ஓடிவருவார்கள்.

பல கூடாரங்களில் எந்திரம் ஒன்றுதான் இருக்கும். ஒரு சுருள் முடிந்தால் நிறுத்தி, அடுத்த சுருளை மாட்ட வேண்டும். அதனால் ஒரே படத்துக்கு இரண்டு மூன்று இடைவேளைகள் வரும். முறுக்குக்காரருக்கும் சோடாக்காரருக்கும் கொண்டாட்டம்!

தென்னாட்டில் இந்தக் கூடார சினிமாவைத் தொடங்கி வைத்தவர் ஒரு தமிழர். கோவை சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வேயில் வேலை பார்த்தவர், ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து சலனப் பட எந்திரத்தை வாங்கி, 1905-ம் ஆண்டில் ஊர் ஊராகப் புறப்பட்டார். அவர் போட்ட பாதையில்தான் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு விட்டலாச்சாரியாவும் நடந்தார்.

ஒரு கூடாரம், நாலு கூடாரமாக வளர்ந்தது. தம்முடைய கொட்டகைக்கு வரும் ஒவ்வொரு படத்தையும் அவர் பார்த்தார். ஒரு முறை அல்ல, பல முறை. திரையைப் பார்த்ததோடு ஜனங்களின் முகத்தையும் பார்த்தார்.

எந்த இடத்தில் ஜனங்கள் கை தட்டுகிறார்கள்? எந்த இடத்தில் பீடி பற்றவைக்க வெளியே போகிறார்கள்? எந்த இடத்தில் அழுத குழந்தை வாயை மூடுகிறது? அவருக்குப் பள்ளிக்கூடம் கற்றுக் கொடுக்காததை மணல் தரை கற்றுக் கொடுத்தது.

கூட்டு பிரிந்தது

1944-ல் திருமணம் ஆயிற்று. குடித்தனம் மைசூருக்கு மாறியது. பிறர் எடுத்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் போதுமா, நாமே எடுத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. சங்கர் சிங்கும் அவரும் மற்ற நண்பர்களும் சேர்ந்து “மகாத்மா பிக்சர்ஸ்” என்ற கம்பெனியை நிறுவினார்கள்.

அந்தக் கம்பெனி 1949-ல் “நாககன்னிகை” என்ற படத்தையும், 1951-ல் “ஜகன்மோகினி” என்ற படத்தையும் கன்னடத்தில் வெளியிட்டது. ஆம்! கன்னடத்தில் முதலில் வந்ததும் ஜகன்மோகினிதான். படம் பெரிய வெற்றி. மாயாஜாலம் என்றால் பாமர மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்பதை விட்டலாச்சாரியா அப்போதே கண்ணால் கண்டார்.

ஆனால் 1953-ல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். விட்டலாச்சாரியாவுக்கு வயது 33. தனியாக நிற்க வேண்டும். குடும்பம் இருக்கிறது. பழையபடி கூடாரத்துக்கே திரும்பியிருக்கலாம். மாதா மாதம் கொஞ்சம் லாபம் நிச்சயம். சொந்தப் படம் என்றால் ஒரே தோல்வியில் எல்லாம் போய்விடும்.

அவர் சொந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார். “விட்டல் புரொடக்ஷன்ஸ்” என்று பெயர் வைத்தார். டைரக்டரும் அவரே ஆனார். விரைவில் சென்னைக்குக் குடி பெயர்ந்தார். நான்கு மொழிப் படங்களும் அந்த நாளில் சென்னை ஸ்டூடியோக்களில்தான் தயாராயின.

முதலில் அவர் எடுத்தவை பேய்ப் படங்கள் அல்ல. “கன்யாதானம்” போன்ற சமூகக் கதைகளைக் கன்னடத்திலும் தெலுங்கிலும் எடுத்தார். பிறகு “கனகதுர்கா பூஜா மகிமா”, “வரலட்சுமி விரதம்” என்று பக்தியும் மாயமும் கலந்த படங்கள் வந்தன. கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பார்த்து நடந்தார். கடைசியில் கத்தியும் கிரீடமும் மந்திரக்கோலும் உள்ள உலகத்தில் நிலையாகத் தங்கிவிட்டார்.

பெரிய முதலாளிகளுக்கு நடுவே

அப்போது மாயாஜாலப் படம் எடுப்பது பெரிய முதலாளிகளின் வேலை. ஜெமினி வாசன் 1948-ல் “சந்திரலேகா” எடுத்தபோது சுமார் 30 லட்சம் ரூபாய் செலவாயிற்று என்று சொல்வார்கள். விஜயா கம்பெனியார் 1951-ல் “பாதாள பைரவி”யைத் தமிழிலும் தெலுங்கிலும் பிரமாதமாக எடுத்தார்கள். அரண்மனை என்றால் உண்மை அரண்மனைபோலவே இருக்கும்.

விட்டலாச்சாரியாவிடம் அந்தப் பணம் இல்லை. ஒரு யானை வேண்டிய இடத்தில் அவரால் அரை யானைதான் காட்ட முடியும்!

ஆகவே அவர் வேறு வழி கண்டார். கதையைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். இத்தனை நாள் படப்பிடிப்பு, இத்தனை அடி பிலிம், இவ்வளவு பணம். அதற்கு மேல் கிடையாது. ஒரு படத்துக்குப் போட்ட அரண்மனைக்கு வேறு வர்ணம் பூசினால், அடுத்த படத்தில் வேறு ராஜாவின் அரண்மனை! தூணை இடம் மாற்றினால் மந்திரவாதியின் குகை!

சினிமா பிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடிச் சுருள் 11 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். நடிகர் ஒரு தடவை வசனத்தை மறந்தால் பல அடி வீண். மற்றவர்கள் இதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். விட்டலாச்சாரியா ஒத்திகையைக் கூட்டினார், வீணைக் குறைத்தார். குறித்த நாளில் படத்தை முடிப்பவர், பேசிய சம்பளத்தைக் கொடுத்துவிடுபவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. சம்பளம் பெரிது அல்ல. ஆனால் கைக்கு வந்துவிடும். சினிமாத் தொழிலில் அது ஓர் அதிசயம்தான்.

கிளியாக மாறிய நடிகர்

அவரைப் பற்றித் திரையுலகில் ஒரு கதை சொல்வார்கள். யாராவது ஒரு நடிகர் படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராமல் தகராறு செய்தால், விட்டலாச்சாரியா கோபப்பட மாட்டாராம். கதையில் ஒரு மந்திரவாதியை வரவழைப்பாராம். மந்திரவாதி சாபம் கொடுப்பான். அந்த நடிகர் ஏற்ற பாத்திரம் கிளியாகவோ கழுதையாகவோ மாறிவிடும். மீதிப் படம் முழுவதும் கிளி நடிக்கும். கிளிக்குச் சம்பளத் தகராறு கிடையாது!

இது எவ்வளவு தூரம் நடந்ததோ, எவ்வளவு தூரம் வேடிக்கையோ! ஆனால் இப்படி ஒரு கதை பிறந்ததே அவருடைய சாமர்த்தியத்துக்குச் சாட்சி.

மந்திரம் எப்படி?

கம்ப்யூட்டர் இல்லாத காலம் அது. எல்லாத் தந்திரமும் காமிராவுக்குள்ளேயே நடக்க வேண்டும்.

ராஜகுமாரன் ஆடாக மாறவேண்டுமா? காமிராவை ஆடாமல் அசையாமல் நிறுத்தி வைப்பார்கள். மந்திரவாதி கையை உயர்த்தியதும் காமிராவை நிறுத்துவார்கள். மற்றவர்கள் சிலைபோல நிற்க வேண்டும். ராஜகுமாரன் நகர்ந்துகொள்வார். அதே இடத்தில் ஆட்டைக் கட்டுவார்கள். காமிரா மறுபடி ஓடும். திரையில் பார்த்தால் கண் இமைக்கும் நேரத்தில் மனிதன் ஆடாகிவிடுவான். பிரான்சு நாட்டில் மெலியே என்பவர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கையாண்ட தந்திரம் இது. அவர் மேடையில் மந்திர வித்தை காட்டியவர். 1902-ல் சந்திரனுக்கு மனிதர்கள் போவதுபோலவே படம் எடுத்துவிட்டார்!

ஒரே நடிகர் இரட்டைப் பிள்ளைகளாகத் தோன்றவேண்டுமா? காமிராக் கண்ணின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடிவிட்டு, ஒரு பக்கம் நடிகரை நடிக்கவைத்துப் படம் பிடிப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மூடி, அதே நடிகரை வேறு உடையில் அடுத்த பக்கத்தில் நடிக்கவைப்பார்கள். அட்டை மயிரிழை நகர்ந்தாலும் நடுவில் கோடு விழும். பிலிம் ஒரு கட்டம் தவறினாலும் அண்ணன் பேசத் தம்பி வேறு பக்கம் பார்ப்பான்.

எலும்புக்கூடு ஆடவேண்டுமா? கறுப்புத் திரைக்கு முன்னால், உடல் முழுவதும் கறுப்பு உடை போட்ட ஆளை நிறுத்தி, உடையின்மேல் வெள்ளை வர்ணத்தில் எலும்புகளை எழுதிவிட்டால் போதும். ஆள் மறைந்துவிடுவான். எலும்புகள் மட்டும் ஆடும்.

சொல்வதற்கு எளிது. செய்வதற்குப் பொறுமை வேண்டும். வேலையில் சிறு பிசகு நேர்ந்தால் பிலிமும் பணமும் நாளும் போய்விடும். மறுபடி எடுக்கப் பணம் இல்லாததால், சில பிசகுகள் அப்படியே திரைக்கு வந்தன. ஜனங்கள் கண்ட குறைகளுக்குக் காரணம் அதுதான். பறக்கும் வீரனைத் தாங்கும் கம்பி தெரிந்தால், அது அந்தப் படத்தின் வரவுசெலவுக் கணக்கே தெரிந்த மாதிரி!

இரண்டு முதல்–மந்திரிகள்

குறைந்த செலவுப் படம் என்றால் பெரிய நடிகர்கள் வரமாட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். என்.டி. ராமராவ் அவருடைய டைரக்ஷனில் பத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். 1963-ல் “பந்திபோட்டு” வந்தது. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கொள்ளைக்காரன் கதை. 1964-ல் “அக்கி பிடுகு”. ராமராவுக்கு இரட்டை வேடம். ஜெமினியின் “அபூர்வ சகோதரர்கள்” படத்துக்கு மூலமான அதே பிரெஞ்சுக் கதைதான் இதற்கும் மூலம். 1965-ல் “மங்கம்மா சபதம்”. இது 1943-ல் தமிழ் மக்கள் பார்த்து மகிழ்ந்த மங்கம்மாவின் கதையேதான்.

1970-ல் “அலிபாபா 40 தொங்கலு” வந்தது. ராமராவுக்கு ஜோடி ஜெயலலிதா! பிற்காலத்தில் ஒருவர் ஆந்திராவுக்கும் மற்றவர் தமிழ்நாட்டுக்கும் முதல்–மந்திரி ஆனார்கள். அட்டை அரண்மனையில் ஆடிப் பாடிய இருவரும் உண்மைக் கோட்டைக்கே போய்விட்டார்கள்.

காந்தாராவ் என்ற நடிகர் கத்திச் சண்டை வீரராகப் பெயர் எடுத்ததிலும் விட்டலாச்சாரியாவின் படங்களுக்குப் பங்கு உண்டு. ராஜன்–நாகேந்திரா என்ற இசைச் சகோதரர்களுக்கும் அவர் தொடர்ந்து வாய்ப்புக் கொடுத்தார்.

தறி ஊரும் படக் கொட்டகையும்

இந்தப் படங்களை யாருக்காக எடுத்தார்?

சென்னைக்குத் தெற்கே, அடையாற்றின் கரையில் அனகாபுத்தூர் இருக்கிறது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்த ஊர். அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே அது தறி ஊர். அங்கே நெய்த “மெட்ராஸ் கைக்குட்டை” என்ற கட்டம் போட்ட துணி, கப்பலேறி ஆப்பிரிக்காவில் நைஜீரியா வரை போயிற்று. வீட்டில் ஆண் தறி மிதிப்பார். பெண் ராட்டையில் நூல் சுற்றுவார். குழந்தைகளும் கூடமாட வேலை செய்வார்கள்.

நாள் முழுவதும் ஒரே சத்தம், ஒரே அசைவு. இப்படி உழைக்கும் குடும்பத்துக்கு மாலையில் என்ன வேண்டும்? தரை டிக்கெட்டு விலையில் ஒரு பறக்கும் கம்பளம்! அனகாபுத்தூர், பம்மல், குன்றத்தூர் போன்ற நெசவு ஊர்களையும், அவற்றைப்போல நாடெங்கும் உள்ள உழைப்பாளிகளின் ஊர்களையும் நம்பித்தான் விட்டலாச்சாரியா படம் எடுத்தார்.

நெசவாளிக்கும் அவருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஒரு முழம் துணிக்கு எவ்வளவு நூல் என்று நெசவாளிக்குத் தெரியும். அறுந்த நூலை எறியாமல் முடிச்சுப் போட்டுத் தொடர்வார். அனகாபுத்தூர் நெசவாளர்கள் பிற்காலத்தில், வெட்டி எறியும் வாழை மரத்தின் நாரை எடுத்தே சேலை நெய்து பெயர் வாங்கினார்கள். விட்டலாச்சாரியா, மற்றவர்கள் கழித்துப்போட்ட அட்டையையும் துணியையும் வைத்து ராஜ்யங்களை நெய்தார்.

நெசவில் ஒரு முடிச்சு தெரிந்தால், வாங்குகிறவர் துணியைத் திருப்பிக் கொடுத்துவிடுவதில்லை. கைத்தறி என்று தெரிந்துதானே வாங்குகிறார்! அவருடைய படத்தையும் ஜனங்கள் அப்படித்தான் பார்த்தார்கள்.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

அமெரிக்காவிலும் இப்படி ஒருவர் இருந்தார். ரோஜர் கார்மன் என்று பெயர். கைக்கு அடக்கமான செலவில், வெகு சில நாட்களில் படம் எடுத்துத் தள்ளுவார். 1957-ல் அவர் வைக்கிங் பெண்களைப் பற்றி ஒரு படம் எடுத்தார். வைக்கிங் என்பவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் வடகோடியில் வாழ்ந்த கடலோடிகள். கடலில் காணாமல் போன ஆண்களைத் தேடிப் பெண்கள் கப்பலேறுகிறார்கள். வழியில் பெரிய கடல் நாகம் மறிக்கிறது.

அந்த நாகத்தைப் பார்த்துப் பயந்தவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். தந்திரக் காட்சி சரியாக அமையவில்லை. படத்தின் பெயர்தான் கடலைப்போல நீளம்! ஆனாலும் பழைய படப் பிரியர்கள் இன்றும் அதைத் தேடிப் பார்த்து மகிழ்கிறார்கள். பெண்கள் துணிந்து புறப்பட்ட கதை மனதைப் பிடித்துவிட்டால், நாகம் ரப்பரோ காகிதமோ, யார் கவலைப்படுகிறார்கள்?

ஆற்றை எதிர்த்து நீந்தினார்

1971-ல் “ராஜகோட்ட ரகஸ்யம்” வந்தது. அதற்குப் பிறகு காற்று மாறியது. கத்திச் சண்டைப் படங்களுக்கு மவுசு குறைந்தது. பேன்டும் சட்டையும் போட்ட கதாநாயகர்கள் மோட்டார் சைக்கிளில் வந்தார்கள். ராமராவே 1977-ல் “அடவி ராமுடு” படத்தில் காட்டு அதிகாரியாகத் தோன்றிப் பெரிய வெற்றி கண்டார். கலர்ப் படம் வந்ததால் செலவும் ஏறிவிட்டது. கிரீடமும் மந்திரக்கோலும் இனிப் பெட்டிக்குள்தான் என்று திரையுலகம் முடிவு கட்டியது.

விட்டலாச்சாரியாவுக்கு வயது 58 ஆகப்போகிறது. ஓய்வு எடுத்துக்கொண்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கையில் உள்ள பணத்தைப் பழைய பாணிப் படத்தில் போட்டால், முதுமையில் கடனாளி ஆகலாம்.

ஆனால் கூடாரத்து மணலில் உட்கார்ந்திருந்த ஜனங்களின் முகம் அவருக்குத் தெரியும். அந்த ஜனங்கள் மாறிவிடவில்லை என்று நம்பினார். 27 ஆண்டுகளுக்கு முன் கன்னடத்தில் வெற்றி தந்த அதே பெயரை மறுபடி எடுத்தார். ஜகன்மோகினி!

முன்னணிக் கதாநாயகர் எவரையும் தேடவில்லை. நரசிம்மராஜு கதாநாயகன். பிரபா மனைவி. நடனங்களுக்குப் பேர்போன ஜெயமாலினி மோகினிப் பிசாசு. ஒருவனை மயக்கும் மோகினியிடமிருந்து, தெய்வ பக்தியுள்ள மனைவி அவனைக் காப்பாற்றுகிறாள். பாட்டி சொல்லும் கதைதான். அடுப்பில் கால் எரிவது, பிசாசுக் கூட்டம் ஆடுவது, எல்லாம் பழைய காமிராத் தந்திரங்கள்தான்.

1978-ல் படம் வெளியாயிற்று. தெலுங்கில் அமோக வெற்றி. தமிழிலும் அதே வெற்றி! பயந்தவர்கள் மற்ற படமுதலாளிகள்தான். பேய்ப் படத்துக்கு மறுபடி காலம் வந்துவிட்டது. “கந்தர்வ கன்யா”, “மதன மஞ்சரி” என்று அவரும் தொடர்ந்து எடுத்தார்.

மோகினியைப் பார்த்துப் பயந்த பெண்களுக்கு அந்தப் படம் ஓர் ஆறுதலையும் கொடுத்தது. கத்தி வைத்திருந்த கணவனால் பிசாசை வெல்ல முடியவில்லை. வீட்டில் விளக்கேற்றிய மனைவியால் முடிந்தது. சாயங்கால ஆட்டத்துக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

கடைசி நாட்கள்

1990-ம் ஆண்டுகளின் தொடக்கம் வரை அவர் படம் எடுத்தார். பிறகு ஓய்வு. 1999-ம் ஆண்டு மே மாதம் சென்னையில் காலமானார். வயது 79. ஒன்பது வயதில் வெறுங்கையோடு வீட்டை விட்டுக் கிளம்பிய சிறுவன், எழுபது ஆண்டுகள் தம் கையையே நம்பி வாழ்ந்துவிட்டுப் போனார்.

அவருக்குப் பிறகும் மோகினி சாகவில்லை. 2009-ல் தமிழில் நமீதா நடிக்க “ஜகன்மோகினி”யைப் புதிதாக எடுத்தார்கள். இந்தத் தடவை கம்ப்யூட்டர் இருந்தது. கம்பி தெரியவில்லை. ஆனாலும் மோகினி என்றால் ஜனங்கள் பழைய ஜெயமாலினியைத்தான் இன்றும் சொல்கிறார்கள்.

இன்று டூரிங் கொட்டகைகள் இல்லை. கூடாரம் நின்ற திடல்கள் பல ஊர்களில் வீட்டு மனைகளாகிவிட்டன. ஆனால் பழைய விட்டலாச்சாரியா படம் தொலைக்காட்சியில் வந்தால், தாத்தா செய்தித்தாளை மடித்து வைத்துவிடுகிறார். பேரன் சிரிக்கிறான். கம்பியைக் காட்டிக் கேலி செய்கிறான். எலும்புக்கூடு எழுந்து வரும்போது மட்டும் மெல்லத் தாத்தாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறான்.

பணம் உள்ளவர்கள் பிரமாண்டமாகப் படம் எடுத்தார்கள். அது பெரிய காரியம்தான். பணம் இல்லாதவர், இருந்ததை வைத்துக்கொண்டு, பார்க்க வந்தவர்களை ஏமாற்றாமல் அனுப்பினார். நாலணா கொடுத்து மணலில் உட்கார்ந்தவனுக்கும் மூன்று மணி நேரம் ராஜா வாழ்க்கை கிடைத்தது. அந்தக் கணக்கில் விட்டலாச்சாரியா ஒருவருக்கும் கடன் வைக்கவில்லை.